நோட்டனுக்கு வந்த டியூபா

ஆசிரியர் அறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து போன் வந்தது. எங்கள் இசைக்குழுவின் செயலாளர் அம்மா. எதுவானாலும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இருந்துவிடுவார். அவர் நேரே அழைத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"டியூபாவோட சொந்தக்காரர் அதைத் திருப்பிக் கேக்கிறார். குடும்பத்தோட வெளிநாடு போறாராம். இந்தக் கச்சேரி முடிஞ்சதும் குடுத்திரணும்" என்றார். "நாங்க வேற ஒண்ணு தேடிப் பாக்கிறோம். கிடைக்காட்டி, அடுத்த வருஷம் நீங்க..."

அவர் முடிப்பதற்குள், "நான் சொந்தமா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சோற்றுப் பார்சலை மடித்து வைத்தேன். அடுத்த பாடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. கரும்பலகையில் வட்டத்தை வரைந்துவிட்டு ஆரத்தைக் குறிக்க மறந்து நின்றேன்.

டியூபா என்றால் பித்தளை வாத்தியங்களிலேயே பெரியது. மடியில் வைத்துக் குழந்தையைக் கட்டிப்பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். ஹட்டனில் படித்த காலத்தில் பள்ளிக்கூட பாண்டில் என்னிடம் அதைக் கொடுத்தார்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, வகுப்பில் நான்தான் உயரம். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தோடு அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. கொழும்பில் படிக்கப் போனபோது இசைக்குழுவில் சேர்ந்தேன். கலியாணம் முடித்து நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகும், சனிக்கிழமை விடியலில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் ஒத்திகை முடித்துத் திரும்புவதை நிறுத்தவில்லை. கொரோனாக் காலத்திலும் பெட்ரோல் இல்லாத காலத்திலும் மட்டும்தான் நின்றது.

ஆனால் இத்தனை வருஷமும் வாத்தியம் கொழும்பிலேயே இருந்தது. வாரத்தில் ஆறு நாள் என்னிடம் இருந்தது மவுத்பீஸ் மட்டும். சமையலறையில் அதை உதட்டில் வைத்து உர்ர் என்று ஊதிப் பழகுவேன். அதனால் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நான் ஒரு வாத்தியக்காரி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. டீச்சர் சனிக்கிழமையானால் கொழும்புக்கு ஏதோ படிக்கப் போகிறார் என்றுதான் பேச்சு.

அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்கு" என்றார். பிறகு வீட்டை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "எங்க வைப்ப?"

எங்களுடையது லயத்தின் கடைசிக் காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு. முன்னால் ஒரு அறை இழுத்துக் கட்டியிருக்கிறோம். அதில் மகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பின்னால் சமையல். நடுவில் கட்டிலும் அலுமாரியும்.

"கட்டிலுக்குக் கீழ."

"போகுமா?"

"போகாது" என்றேன். எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் கடைக்குப் போனேன். என்னோடு அங்கிளும் வந்தார். அங்கிள் என்று நான் சொல்வது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய டிராம்போன் வாசிக்கும் சிங்களவரை. படை பாண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இரண்டு பேரும்தான் இசைக்குழுவின் அடிமட்டம். அவர் சுரம் ஒரு பக்கம், என் சுரம் ஒரு பக்கம் என்று போனால் மேலே வாசிக்கிற எல்லாருக்கும் கால் வழுக்கும். அதனால் அவர் என்னை மகளே என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "துவ, வாங்கப் போறது நீ. ஆனா பக்கத்துல உக்காந்து கேக்கப் போறது நான். எனக்குப் பிடிச்சதத்தான் நீ வாங்கணும்."

கடையில் இரண்டு டியூபா இருந்தன. ஒன்று சின்னது, பள்ளிக்கூட பாண்டுகளுக்கு விற்பது. ஊதிப் பார்த்தேன். சத்தம் வாளிக்குள் பேசுவதுபோல் இருந்தது. அங்கிள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார், அவ்வளவுதான் அவர் சொன்ன அபிப்பிராயம்.

இன்னொன்று உள்ளறையில், பெட்டிக்குள் கிடந்தது. கடைக்காரர் அதை வெளியே இழுக்கவே யோசித்தார். "ஒரு பாண்டுக்காக எடுப்பிச்சது. அவங்க கேட்டது பி ஃப்ளாட். வந்தது சி. வேணாமுன்னு சொல்லிட்டாங்க. நல்ல சாமான்தான், ஆனா யாரும் எடுக்கல்ல."

பி ஃப்ளாட்டுக்கும் சிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வாசித்தது பி ஃப்ளாட் டியூபா. எந்த வால்வையும் அழுத்தாமல் ஊதினால் பி ஃப்ளாட் என்ற சுரம் வரும். சி டியூபாவில் அதே இடத்தில் சி வரும். அதாவது காகிதத்தில் இருக்கும் அதே சுரத்துக்கு விரல் வேறு. தட்டச்சு தெரிந்த ஒருவரிடம் எழுத்துகள் இடம் மாறிய மெஷினைக் கொடுத்து அதே வேகத்தில் அடிக்கச் சொல்வதுபோல.

அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்து மடியில் தூக்கி வைத்தேன். ஒரு சுரம் ஊதினேன். எதையும் அழுத்தவில்லை, சும்மா ஒரு நீளமான சுரம்.

கடையில் சுவரோரம் தொங்கவிட்டிருந்த கிட்டார்களின் தந்திகள் எல்லாம் மெதுவாக முனகின. அங்கிள் கதவுப் பக்கம் போனவர் நின்றார்.

"இன்னொருக்கா" என்றார்.

ஊதினேன்.

"இதுதான்" என்றார். "விரல் பாடம் மாத்தணுமே?"

"மாத்திக்கிறேன்."

"கச்சேரிக்கு அஞ்சு கிழமைதான் இருக்கு."

"தெரியும் அங்கிள்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். எந்த இடத்தை நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் கண்டாக்கு என்றால் மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர். அதனால் இசைக்குழுவின் கண்டக்டரையும் வீட்டுக்காரர் "ஒங்க கண்டாக்கு" என்றுதான் சொல்வார். அந்தக் கண்டாக்கு இந்தத் தடவை எடுத்திருந்த சிம்பொனியின் கடைசிப் பகுதியில், மற்ற எல்லாரும் நிறுத்திவிட, டிராம்போன்களும் டியூபாவும் மட்டும் மெதுவாக வாசிக்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. அதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

சீட்டுப் பணத்தைக் கொடுத்து, மிச்சத்துக்குத் தவணை சொல்லி, அன்று சாயந்தரம் வந்த வீட்டுக்காரரின் வேனில் டியூபாவைக் கொண்டுவந்தோம். பின் சீட்டில் படுக்க வைத்து இரண்டு பெல்ட் போட்டு இறுக்கினார் வீட்டுக்காரர். கித்துள்கலைக்கு இந்தப் பக்கம் பொலிஸ் மறித்தது. கான்ஸ்டபிள் டார்ச்சை அடித்துப் பெட்டியைப் பார்த்து, "மே மொனவத?", இது என்ன என்று கேட்டார். திறந்து காட்டினோம். அவர் தலையைச் சாய்த்து அந்தப் பெரிய வாய்க்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"வாசிக்கிறது யாரு, மஹத்தயாவா?"

வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். கான்ஸ்டபிள் நம்பவில்லை. ஒரு சுரம் ஊதிக் காட்டினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மனிசன் அகப்பையோடு வெளியே வந்து பார்த்தார். போகச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

பெட்டி எங்கள் கதவுக்குள் நுழையவில்லை. வாத்தியத்தை வெளியே எடுத்து அதை மட்டும் உள்ளே கொண்டுபோனோம். பெட்டி இன்றைக்கும் வெளியில், தகரத்துக்குக் கீழே, விறகோடு நிற்கிறது.

மறுநாள் காலை ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள் என்பதால் லயம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தேன். கீழ் சுரங்களிலிருந்து ஒவ்வொன்றாக மேலே போனேன். பாதி ஏறுவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். அந்த அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஊதுறப்போ எங்கூட்டு அலுமாரியில கிளாசெல்லாம் நடுங்குதுங்க."

"எந்தச் சத்தத்துக்கு அக்கா?"

அந்தக் கேள்விக்கு அக்கா சிரித்துவிட்டார். ஆனால் நான் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவரை அவர் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, எந்தச் சுரத்துக்குக் கிளாஸ் நடுங்குகிறது என்று ஒவ்வொன்றாக ஊதிக் கண்டுபிடித்தோம். கீழ் எஃப். அதை வீட்டில் வாசிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கச்சேரிப் பாடத்தில் எத்தனை இடத்தில் அந்தச் சுரம் வருகிறது என்று அவருக்குச் சொல்லவில்லை.

மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அம்மா, மவுத்பீஸே பரவாயில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது என் வலது கை மேசையில் விரல் போட்டுக்கொண்டே இருக்கும். ரொட்டி மாவு பிசையும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது, அதிபரோடு பேசும்போதுகூட. ஒருநாள் அதிபர் என் கையைப் பார்த்து, "டீச்சர், ஏதாவது சுகமில்லையா?" என்று கேட்டார். மூளை புதுப் பாடத்தைச் சொல்லும். விரல் பழைய இடத்துக்கே ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இழுபறி. இசையில் ஒரு நொடி என்றால் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் வாசிக்க முடியாததால் வீட்டுக்காரரோடு சண்டை வந்தது. காரணம் ஏதோ ஒரு உப்பு புளி விஷயம், இப்போது ஞாபகம் இல்லை. கடைசியில் அவர், "ஏறு வண்டியில" என்றார். பிள்ளைகளை இறக்கிவிட்டபின் வேனை நீர்த்தேக்கத்துப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அணைக்கு மேலே, ஆள் இல்லாத ஒரு வளைவு. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்து ஊதினேன். கீழ் எஃப்பையும் ஊதினேன். யாருடைய கிளாசும் அங்கே இல்லை. வீட்டுக்காரர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். மழை வரும்வரை வாசிப்பேன், வந்தால் வேனுக்குள் ஓடிக் காலிலிருந்து அட்டையைப் பிடுங்குவேன். மழை நின்றால் மறுபடி இறங்குவேன். தினம் இப்படித்தான் போயிற்று. கிழமைக் கடைசிக்குள் நோட்டன் முழுக்க என் சத்தம் தெரிந்துவிட்டது. கடைத் தெருவில் ஒரு முதலாளி, "டீச்சர், நேத்து வாசிக்கல்லையே, சுகமில்லையா?" என்று கேட்டார்.

ஒருநாள் உடுப்புக் கழுவப்போன இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன். தோட்டத்தில் அந்த வருஷம் கொழுந்தைக் கையால் பறிப்பதை நிறுத்திக் கத்தரியால் வெட்டச் சொல்லியிருந்தார்கள். அக்கா கல்லில் உட்கார்ந்து மணிக்கட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆறுதல் தேவையாக இருந்தது. "கத்தரி எப்பக்கா கைக்குப் பழகுச்சு?" என்று கேட்டேன்.

"எங்க பழகுச்சு டீச்சர்" என்றார். "வெரலு இன்னமும் கொழுந்தத் தேடிக்கிட்டுத்தான் போகுது. வெட்டுறேன், பழகல."

எனக்கு வேண்டிய பதில் அது இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கச்சேரிக்கு முந்தின சனிக்கிழமை முழு ஒத்திகை. புதிய டியூபாவை வேனில் கொண்டுபோயிருந்தேன். அந்த இடம் வந்தது. வயலின்கள் நின்றன. டிராம்போன்கள் மெதுவாக ஆரம்பித்தன. நான் சேர வேண்டிய இடத்தில் என் விரல் பழைய வால்வுக்குப் போனது. மண்டபத்தில் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? கோயிலில் பூசை நடக்கும்போது யாரோ செம்பைக் கீழே போட்டதுபோல இருந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி தவறினேன். முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் காகிதத்தைச் சரிசெய்தாள்.

கண்டாக்கு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடைவேளையில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பழையது இன்னும் இங்கதான் இருக்கு. இந்தக் கச்சேரிக்கு மட்டும் அதை எடுங்களேன். புதுசை ஆறுதலாப் பழகலாம்."

பழைய டியூபா மூலையில் துணிக்குக் கீழே இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. துணியை எடுத்தேன். மடியில் வைத்தேன். இடுப்பில் அது அழுந்தும் இடம், கைக்கு வரும் நசுங்கல், எல்லாம் அப்படியே இருந்தன. உதட்டை வைத்தேன். முதல் நாலைந்து சுரம் தானாக வந்தது. பிறகு அந்த இடத்தை வாசித்துப் பார்த்தேன்.

தவறிவிட்டது.

மறுபடி வாசித்தேன். வேறொரு இடத்தில் தவறியது. இப்போது விரல் புதுப் பாடத்துக்குப் போனது. நாலு கிழமை அணைக்கு மேலே உட்கார்ந்து அடித்தது கொஞ்சம் உள்ளே போயிருந்தது. முழுதாகப் போகவில்லை. இருந்ததையும் விட்டுவைக்கவில்லை. புதியதில் பழையது குறுக்கே வந்தது, பழையதில் புதியது குறுக்கே வந்தது. அந்த மூலையில், மடியில் பழையதும் கண்ணுக்கு முன்னால் புதியதுமாக உட்கார்ந்துகொண்டு, எதுவும் வாசிக்கத் தெரியாத ஒருத்தி ஆகிவிட்டேனே என்று நினைத்தேன்.

அங்கிள் தேநீர்க் கோப்பையோடு வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ரெண்டும் போச்சா?" என்றார்.

"ரெண்டும் போச்சு அங்கிள்."

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பழைய டியூபாவை வாங்கித் துணியைப் போட்டு மூடினார்.

"அப்ப நல்லது. திரும்பிப் போக எடமில்ல. நாளையிலயிருந்து மத்ததெல்லாம் விடு. அந்த எடத்த மட்டும் வாசி. மெதுவா. ரொம்ப மெதுவா. வேகமா வாசிச்சா பழைய கை வந்துரும்."

கண்டாக்கிடம் போய்ப் புதியதில்தான் வாசிப்பேன் என்று சொன்னேன். அவர் "உங்க விருப்பம்" என்றார். அந்த "உங்க விருப்பம்" அந்தக் கிழமை முழுக்க என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் லீவு போட்டேன். அணைக்கு மேலே அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசித்தேன். ஒரு சுரம், அதன் விரல். அடுத்த சுரம், அதன் விரல். அவ்வளவு மெதுவாக வாசித்தால் அது இசையே இல்லை. வீட்டுக்காரர்கூட சீட்டிலிருந்து எழுந்து, "என்னா, பேட்டரி தீந்த மாதிரி ஊதுற?" என்று கேட்டார். இரண்டாவது நாள் மாலைதான் முதல்முறையாக என் கை எதையும் கேட்காமல் தானாகப் போனது. போனதும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இன்னொருதரம் வாசித்துக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

கச்சேரி அன்று வீட்டுக்காரரும் மகளும் வந்தார்கள். மகள் முதல் தடவை. டியூபாக்காரிக்குப் பெரும்பாலான நேரம் வேலை காத்திருப்பதுதான். மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு தாளம் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று எண்ணுவது எனக்கு ஓடவில்லை. அங்கிளின் காலைப் பார்த்தே எண்ணினேன்.

கடைசிப் பகுதி வந்தது. வயலின்கள் நின்றன. டிராம்போன்கள் ஆரம்பித்தன. நான் சேர்ந்தேன்.

சரியாகச் சேர்ந்தேன்.

அதிலிருந்து அந்த இடம் முடியும்வரை எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அங்கிளின் சத்தமும் என் சத்தமும் எங்கே பிரிகிறது என்று எனக்கே தெரியவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு முழு இசைக்குழுவும் சேர்ந்து உரக்க வாசிக்கிற இடத்தில், சின்னப் பிள்ளைக்கும் வருகிற ஒரு சுரத்தைத் தவறவிட்டேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அங்கிளுக்குக் கேட்டது. முழங்காலால் என் முழங்காலை இடித்தார்.

முடிந்ததும் பழைய டியூபாவின் சொந்தக்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். அவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நரைத்த, அமைதியான மனிதர். இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றார். பெட்டியைத் திறந்து ஒருதரம் பார்த்துவிட்டு மூடினார். ஊதிப் பார்க்கவில்லை. அவருடைய மகனும் அவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஒங்க சத்தம் எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன். அப்புறம் காலுக்குக் கீழ கேட்டுச்சு" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை செயலாளர் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த கச்சேரியில் வாசிக்கப்போகிற இரண்டு பாடத்திலும் டியூபா இல்லை. அது பழைய காலத்து இசை, டியூபா என்று ஒன்று உலகத்துக்கு வருவதற்கு முந்தியது. "உங்களுக்கு இந்த முறை ஓய்வு" என்று போட்டுப் பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தார்.

ஓய்வு எடுக்கத்தான் பார்த்தேன். சனிக்கிழமை காலை விடிந்ததும் எழுந்து, போக இடமில்லாமல், வீட்டைக் கூட்டினேன். கூட்டிய வீட்டை மறுபடி கூட்டினேன். பிறகு அங்கிளுக்குப் போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாண்ட்காரர்கள் சிலர் நீர்கொழும்புப் பக்கம் ஒரு வீட்டில் கூடி பித்தளை மட்டும் வாசிக்கிறார்களாம். டியூபா இல்லாமல்தான் ஓடுகிறதாம்.

"வா" என்றார்.

வால்வு எண்ணெயைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கச்சேரிதான் இல்லையே. எதுக்குப் போற?"

"நாளைக்குக் காலையில வெள்ளனவே கெளம்பணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். பிறகு பின் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.